பழுக்கக் காய்ச்சிய செருப்பைக் குழந்தைக்குப் படித்துக் காட்டலாமா?

கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பை முழுப் பதிப்பாக வாங்கி, ஏழு வயது மகளுக்குத் தினமும் இரவில் படித்துக் காட்டும் ஒரு தாயின் கேள்வி இது: "ஸ்னோ ஒயிட் கதையின் கடைசிப் பத்தி வந்ததும் நிறுத்திவிட்டேன். கல்யாணத்துக்கு வந்த ராணியின் காலில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, செத்து விழும்வரை ஆடவிடுகிறார்கள். உண்மையிலேயே இதைக் குழந்தைகளுக்காகத்தான் எழுதினார்களா? படித்துக் காட்டலாமா, கூடாதா?"

தொடக்கத்தில் குழந்தைகளை மனதில் வைத்து மட்டும் எழுதவில்லை. ஆனால் அதைக் கேட்டு நிம்மதியாகிவிட முடியாது. பின்னால் அதே சகோதரர்கள் குழந்தைகளுக்கென்றே உட்கார்ந்து திருத்தினார்கள். அப்போதும் இந்தச் செருப்பு கதையிலேயே இருந்தது. வேறு சில விஷயங்கள்தான் வெளியே போயின. எது போனது, எது நின்றது என்று பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் வழி கிடைக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொகுப்பின் முதல் பாகம் 1812 டிசம்பரில் வந்தது. அப்போது யாக்கோப் கிரிமுக்கு 27 வயது, வில்ஹெல்முக்கு 26. அவர்கள் இருந்த காசல் என்ற ஜெர்மன் நகரத்தை நெப்போலியனின் தம்பி ஆண்டுகொண்டிருந்தார். சொந்த மொழியின் பழைய சொத்து கண்முன்னே அழிகிறதே என்ற தவிப்பில், வாய்வழிக் கதைகளைக் கேட்டும் பழைய நூல்களிலிருந்து எடுத்தும் சேர்த்தார்கள். 86 கதைகள். படம் ஒன்றுகூடக் கிடையாது. பின்னால் ஆராய்ச்சிக் குறிப்புகள் உண்டு. தலைப்பில் 'குழந்தைகளுக்கும் வீட்டுக்குமான கதைகள்' என்று இருந்தாலும், புத்தகத்தின் அமைப்பு அறிஞர்களுக்கானது.

அந்த முதல் பாகத்தில் 'குழந்தைகள் கசாப்பு விளையாடியது' என்று ஒரு கதை உண்டு. ஃபிரானகர் என்ற ஊரில் ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் கூடி விளையாடுகிறார்கள். ஒருவன் கசாப்புக்காரன், ஒருவன் சமையற்காரன், இன்னொருவன் பன்றி. இரத்தத்தைக் கிண்ணத்தில் பிடிக்க ஒரு சிறுமி. விளையாட்டு நிஜமாகிவிடுகிறது, பன்றியாக இருந்த பையன் செத்துப்போகிறான். கொன்ற சிறுவனை என்ன செய்வது என்று ஊர்ச்சபைக்குத் தெரியவில்லை. ஒரு பெரியவர் யோசனை சொல்கிறார்: நீதிபதி ஒரு கையில் அழகான சிவப்பு ஆப்பிளையும் மறு கையில் ஒரு காசையும் நீட்டட்டும், ஆப்பிளை எடுத்தால் அவன் குழந்தை, காசை எடுத்தால் குற்றவாளி. பையன் சிரித்துக்கொண்டே ஆப்பிளை எடுக்கிறான். அவனை விட்டுவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான். கூடவே அச்சான இன்னொரு வடிவத்தில் அந்த ஆப்பிள்கூட இல்லை. ஒரு குடும்பம் முழுவதும் அடுத்தடுத்துச் செத்து முடிகிறது.

புத்தகம் வந்த கொஞ்ச நாளிலேயே, இந்தக் கதை இருப்பதால் பிள்ளை கையில் கொடுக்க முடியவில்லை என்று ஒரு தாய் வருத்தப்பட்டதாக நண்பர் ஆர்னிம் கிரிம் சகோதரர்களுக்கு எழுதினார். ஆக, உங்கள் கேள்விக்கு வயது இருநூறுக்கு மேல். வில்ஹெல்ம் பதில் எழுதினார்: இந்தக் கதையைச் சின்ன வயதில் என் அம்மாவே எனக்குச் சொன்னார், அதைக் கேட்ட பிறகுதான் விளையாடும்போது ஜாக்கிரதையாக இருந்தேன் என்று. நேர்மையான பதில்தான். இருந்தாலும் 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தக் கதை இல்லை. குழந்தைப் பருவத்துக்குப் பொருந்தாதவற்றைக் கவனமாக நீக்கிவிட்டோம் என்று முன்னுரையிலும் சொல்லிவிட்டார்கள்.

அப்படி நீக்கியதில் எவையெல்லாம் போயின என்பது முக்கியம். 1812-இல், கோபுரத்தில் அடைபட்டிருக்கும் ரபன்செல் தன்னை வளர்ப்பவளிடம், "என் உடுப்பெல்லாம் ஏன் இப்படி இறுக்கமாகிவிட்டது?" என்று வெகுளியாகக் கேட்பாள். இளவரசன் கோபுரத்துக்கு வந்து போனதால் அவள் கருவுற்றிருக்கிறாள். அவளுக்கே அது தெரியாது. பின்னால் வந்த பதிப்புகளில் அந்த வரி போய், மேலே இழுக்கும்போது இளவரசனைவிட நீ கனமாக இருக்கிறாயே என்று வாய்தவறிச் சொல்வதாக மாறியது. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் 1812-இல் பெற்ற தாய். 1819-இல் சிற்றன்னை ஆகிவிட்டாள். ஹான்சல், கிரெட்டல் இருவரையும் காட்டில் விட்டுவரச் சொன்னவளும் முதலில் பெற்ற தாய்தான். அவளைச் சிற்றன்னை ஆக்க 1840 வரை ஆயிற்று. கர்ப்பம் போனது, பெற்ற தாயின் குற்றம் போனது. இரத்தம் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருந்தது.

சில இடங்களில் அது கூடவும் செய்தது. சிண்ட்ரெல்லாவின் சகோதரிகள் செருப்புக்குள் கால் நுழையவேண்டும் என்று ஒருத்தி விரலையும் ஒருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்வது முதல் பதிப்பிலேயே உண்டு. ஆனால் கல்யாணத்தன்று புறாக்கள் வந்து அந்தச் சகோதரிகளின் கண்களைக் கொத்தி எடுப்பது 1819-இல் புதிதாகச் சேர்த்தது. குழந்தைகளுக்காகத் திருத்திய பதிப்பில் சேர்த்தது! எனக்கு இது முதலில் புரியவே இல்லை. ஆனால் "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று கேட்டு வளர்ந்த நமக்குப் புரியாமல் போக நியாயமில்லை. கெட்டவர்களுக்கு உடம்பில் படும்படியான தண்டனை கிடைக்கவேண்டும், அதைப் பிள்ளை பார்க்கவேண்டும், அப்போதுதான் பாடம் பதியும் என்ற எண்ணம்தான் இரண்டிலும். கிரிம் சகோதரர்கள் வாழ்ந்த காலத்தில் மரண தண்டனையே ஊர் நடுவில், கூட்டத்துக்கு முன்னால்தான் நடந்தது. இரும்புச் செருப்பு அன்றைய வாசகருக்குக் கற்பனையாகத் தெரிந்திருக்கும்; பொது இடத்தில் ஒரு குற்றவாளி சாவது அப்படித் தெரிந்திருக்காது.

1823-இல் எட்கர் டெய்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் இந்தக் கதைகளில் சிலவற்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். குரூக்‌ஷாங்க் படம் போட்டார். புத்தகம் நன்றாக விற்றது. அந்தப் பதிப்பில் ராணி இரும்புச் செருப்பில் ஆடவில்லை. ஆத்திரத்தில் தொண்டை அடைத்து, நோயில் விழுந்து சாகிறாள். 1937-இன் டிஸ்னி படத்தில் பாறையிலிருந்து விழுகிறாள். நீங்கள் சின்ன வயதில் படித்த சாதுவான ஸ்னோ ஒயிட் இந்த வழியில் வந்தவளாகத்தான் இருக்கும். கிரிம் சகோதரர்களோ அந்த ஆங்கிலப் பதிப்பின் வெற்றியைப் பார்த்து, 1825-இல் 50 கதைகளை மட்டும் எடுத்து, தம்பி லூட்விக் எமில் வரைந்த படங்களோடு பிள்ளைகளுக்கென்றே ஒரு சிறிய பதிப்பு போட்டார்கள். ஸ்னோ ஒயிட் அதில் உண்டு. செருப்பும் உண்டு.

சரி, வரலாறு போதும். படித்துக் காட்டலாமா?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் எவ்வளவு என்று அளந்து பார்ப்பதில் பயனில்லை. அந்தக் கொடூரம் கதையில் யாருக்கு நேர்கிறது, பிள்ளை அதிலிருந்து வெளியே வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஆபத்து பிள்ளையைத் தேடி வந்து, பிள்ளை அதைக் கடந்து போகிற கதைகள் ஒரு பக்கம். பிள்ளை செய்த ஒரு சின்னத் தப்புக்காகக் கொடூரம் பிள்ளையின் மேலேயே இறங்குகிற கதைகள் இன்னொரு பக்கம். முதல் வகையை நான் ஒரு வரிகூட வெட்டாமல் படிப்பேன். இரண்டாவதில்தான் எனக்குத் தயக்கம்.

முதல் வகைக்கு ஜூனிப்பர் மரக் கதையைச் சொல்லலாம். கிரிம் தொகுப்பிலேயே மிகக் கொடூரமானது என்று பலரும் சொல்லும் கதை. நான் மிக அதிகம் நேசிக்கும் கதையும் அதுதான். ஓவியர் ரூங்கே வட ஜெர்மனியின் பேச்சுமொழியில் எழுதி அனுப்பிய கதை அது. சிற்றன்னை ஒருத்தி, பெட்டிக்குள் ஆப்பிள் எடுக்கக் குனிந்த பையனின் கழுத்தில் மூடியை ஓங்கி அடிக்கிறாள். தலை துண்டாகிறது. பயந்துபோனவள் தலையைக் கழுத்தில் பொருத்தி, துணியைச் சுற்றி, கையில் ஆப்பிளோடு வாசலில் உட்கார வைக்கிறாள். அப்புறம் தன் சொந்த மகள் மார்லினிடம், "அண்ணன் பதில் சொல்லவில்லை என்றால் கன்னத்தில் ஒன்று கொடு" என்கிறாள். சிறுமி அடிக்கிறாள். தலை உருண்டு விழுகிறது. அண்ணனைத் தானே கொன்றுவிட்டதாக நம்பி அவள் அலறுகிறாள். தாய் அவனைக் கறியாகச் சமைக்கிறாள். ஒன்றும் அறியாத அப்பா ருசித்துச் சாப்பிடுகிறார். மார்லின் அழுதுகொண்டே மேசைக்கடியில் விழுந்த எலும்புகளைப் பொறுக்கி, தன்னிடம் இருந்த நல்ல பட்டுத்துணியில் முடிந்து, ஜூனிப்பர் மரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறாள்.

கேட்கவே நடுங்குகிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சிறுமியின் இடத்தில் இருந்து பாருங்கள். வீட்டில் யாராவது இறந்தால், அப்பாவும் அம்மாவும் பிரிந்தால், "நான் ஏதோ செய்ததால்தான் இப்படி ஆச்சு" என்று ஒரு குழந்தை யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கு அது தெரியாது. தெரியாததால் கேட்பதும் இல்லை. இந்தக் கதைக்கு அது தெரிந்திருக்கிறது. மரத்திலிருந்து ஒரு பறவை எழுந்து, நடந்ததை ஊர் முழுக்கப் பாடிக்கொண்டு போகிறது: அம்மா என்னைக் கொன்றாள், அப்பா என்னைத் தின்றார், தங்கை என் எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்தாள் என்று. பாட்டில் தங்கைக்கு இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். அவள் அடித்தது அதில் இல்லவே இல்லை. பொறுக்கிச் சேர்த்தது மட்டும்தான் இருக்கிறது. பறவை அப்பாவுக்குத் தங்கச் சங்கிலியும் தங்கைக்குச் சிவப்புச் செருப்பும் கொண்டுவந்து போடுகிறது, சிற்றன்னையின் தலையில் எந்திரக்கல்லைப் போடுகிறது. பையன் திரும்பி வருகிறான். மூவரும் உள்ளே போய்ச் சாப்பிட உட்காருகிறார்கள். இந்தக் கதையை மென்மையாக்கினால் அந்தப் பாட்டுக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

ஹான்சல் கிரெட்டலும் இப்படித்தான். வீட்டில் சாப்பாடு இல்லை, பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று பெற்றோர் பேசிக்கொள்வதைப் பிள்ளைகள் படுக்கையில் இருந்தபடியே கேட்டுவிடுகிறார்கள். அதைவிடப் பயங்கரமான காட்சி அந்தக் கதையில் இல்லை. கிழவியின் அடுப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த அடுப்பில் கிழவியைத் தள்ளுவது யார் என்று பாருங்கள். அவ்வளவு நேரமும் அழுதுகொண்டிருந்த சின்னப் பெண். 1976-இல் உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் இந்த மாதிரி இருட்டு பிள்ளைகளுக்குத் தேவை என்று வாதாடி ஒரு நூல் எழுதினார். அவர் எல்லாவற்றையும் மனதின் ஆழத்து உருவகமாகவே படித்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கதையில் பசி என்றால் பசிதான். பஞ்சத்தில் பிள்ளைகளைக் கைவிட்ட காலம் உண்மையில் இருந்தது. ஆனால் பயத்துக்குப் பெயரும் உருவமும் கொடுத்து, அதற்கொரு முடிவையும் காட்டினால் பிள்ளைக்குத் தெம்பு வரும் என்று அவர் சொன்னதை என் அனுபவத்திலும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். ஹைன்ரிஹ் ஹோஃப்மான் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மருத்துவர். 1844 கிறிஸ்துமஸுக்கு மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் வாங்கக் கடைக்குப் போனார். நீதி போதிக்கும் சலிப்பான புத்தகங்களாகவே இருந்தன. ஒரு வெற்று நோட்டை வாங்கிவந்து தானே எழுதி, தானே வரைந்தார். அடுத்த ஆண்டு அது அச்சானது. 'பறட்டைத்தலை பேட்டர்' என்று தமிழில் சொல்லலாம். தீக்குச்சியோடு விளையாடிய பவுலீன் எரிந்து சாம்பலாகிறாள். இரண்டு செருப்புகளும், பக்கத்தில் அழும் இரண்டு பூனைகளும்தான் மிச்சம். சூப்பு வேண்டாம் என்ற காஸ்பர் ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். கட்டைவிரல் சூப்பிய கொன்ராடின் இரண்டு விரல்களையும் ஒரு தையற்காரன் பெரிய கத்தரிக்கோலோடு பாய்ந்து வந்து வெட்டிவிடுகிறான்.

ஹோஃப்மான் கொடூரமான மனிதர் இல்லை, இதை அழுத்திச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் "அடம்பிடித்தால் டாக்டரைக் கூப்பிடுவேன்" என்று பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்ததால் அவரைப் பார்த்தாலே நோயாளிப் பிள்ளைகள் அலறுவார்கள். அவர் சட்டென்று பென்சிலை எடுத்து ஒரு பையனை வரைந்து, அவனுக்கு முடி வளர்கிறது, நகம் வளர்கிறது என்று கதை சொல்லிக்கொண்டே போவார். குழந்தை அழுகையை நிறுத்திப் பார்க்கும். அவர் நாடி பிடித்துப் பார்த்துவிடுவார். பறட்டைத்தலை அப்படித்தான் பிறந்தான். படங்களெல்லாம் கேலிச்சித்திரம் போல மிகைப்படுத்தியவை, காஸ்பர் கடைசியில் ஒரு கோடாகவே ஆகிவிடுவான். நாலைந்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கவும் செய்வார்கள்.

இருந்தும் அந்தத் தையற்காரனை நான் விரல் சூப்பும் குழந்தைக்குக் காட்டமாட்டேன். தூக்கம் வராமல், தனியாக, ஆறுதலுக்காக ஒரு குழந்தை செய்வதை எடுத்து, அதற்குக் கத்தரிக்கோல் என்று சொல்லும் கதை அது. கதவு திறக்கிறது, அவன் பாய்ந்து வருகிறான், அம்மா வீட்டில் இல்லை. கொன்ராட் எங்கும் ஓட முடியாது. கடைசிப் படத்தில் விரல் இல்லாமல் நிற்கிறான். நம் வீடுகளில் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் காவல் வைக்கும் பூச்சாண்டி இவனுக்குச் சொந்தக்காரன்தான்.

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் 'சிவப்புக் காலணிகள்' எனக்கு இன்னும் கடினம். 1845-இல் வந்த கதை. காரென் என்ற ஏழைச் சிறுமி தேவாலயத்தில் பிரார்த்தனையை மறந்து தன் சிவப்புக் காலணிகளையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குத் தண்டனையாகக் காலணிகள் அவளை ஓயாமல் ஆடவைக்கின்றன. கடைசியில் அவளே கொலைத்தண்டனை நிறைவேற்றுபவனிடம் போய்க் காலை வெட்டச் சொல்கிறாள். வெட்டிய கால்கள் காலணிகளோடு ஆடிக்கொண்டே காட்டுக்குள் போகின்றன. ஆண்டர்சன் செருப்புத் தைப்பவரின் மகன். சிறுவயதில் திருச்சபைச் சடங்கு ஒன்றுக்கு முதல்முறையாகப் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனதையும், அது கிறீச்சிட்டபோது புதுசு என்று எல்லோருக்கும் தெரியுமே என மகிழ்ந்ததையும், கடவுளை விட்டுப் பூட்ஸை நினைத்தோமே என்று மனம் குத்தியதையும் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தச் சின்னப் பையனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அதற்காக, புதுச் செருப்பைப் பார்த்துச் சந்தோஷப்படும் உங்கள் மகளுக்கு இந்தக் கதை இப்போது வேண்டாம். பதினான்கு பதினைந்து வயதில் அவளே படிக்கட்டும்.

பினோக்கியோ இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறான். இத்தாலியில் 1881-இல் குழந்தைகள் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த கதை. புத்திசொல்ல வந்த பேசும் சிள்வண்டை நான்காம் அத்தியாயத்திலேயே சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறான். நெருப்புச் சட்டியில் காலை வைத்துத் தூங்கிக் கால் கருகிப்போகிறது. பதினைந்தாம் அத்தியாயத்தில் அவனைப் பெரிய ஓக் மரத்தில் தூக்கில் போடுகிறார்கள். அப்பாவை நினைத்துக்கொண்டே கண்ணை மூடுகிறான். எழுத்தாளர் கொல்லோதி கதையை அங்கேயே முடித்துவிட்டார். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைக்கு இதுதான் கதி என்பது போல. ஆனால் தொடர் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1882 பிப்ரவரியில் நீலக்கூந்தல் தேவதை ஒரு வல்லூறை அனுப்பி அவனைக் கயிற்றிலிருந்து இறக்கினாள். நமக்குத் தெரிந்த மூக்கு நீளும் காட்சியே அதற்குப் பிறகு வந்ததுதான். எழுதியவர் சாகவிட்ட பிள்ளையை வாசகர்கள் சாகவிடவில்லை. முழுக்கதையையும் தைரியமாகப் படித்துக் காட்டுங்கள். தூக்கில் போடும் அத்தியாயத்தோடு மட்டும் அன்றைய இரவை நிறுத்தாமல், அடுத்த அத்தியாயத்தையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் முழுப் பதிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் 'முள்ளில் ஆடிய யூதன்' என்று ஒரு கதை இருக்கும். மந்திர வயலினை வாசித்து ஒரு யூதக் கிழவரை முட்புதருக்குள் ஆடவைத்து, கடைசியில் தூக்கிலும் போட்டு, அதை வேடிக்கையாகச் சொல்லும் கதை. அதில் சிந்தும் இரத்தம் ஜூனிப்பர் மரக் கதையில் இருப்பதைவிடக் குறைவுதான். ஆனாலும் இந்தப் புத்தகத்திலேயே பிள்ளையிடமிருந்து தள்ளி வைக்கவேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் காட்டுவேன். ஒருவர் பிறந்த இனத்துக்காகவே அவர் வலியைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது அது.

மற்றபடி, நடைமுறையில் நான் செய்வதைச் சொல்கிறேன். எந்தக் கதையையும் முதலில் நான் தனியாகப் படித்துவிடுவேன். வேண்டாம் என்று தோன்றினால் கதையையே விட்டுவிடுவேன். முடிவை மட்டும் மாற்றிச் சொல்வதில்லை, ஏனென்றால் பிள்ளை ஒருநாள் அதே புத்தகத்தைத் தானே படிக்கும். பயங்கரமான இடத்தில் குரலை ஏற்றி இறக்கி நடிக்கமாட்டேன், சாதாரணமாகவே வாசிப்பேன். கிரிம் கதைகளில் வர்ணனை மிகக் குறைவு. தலை விழுந்தது என்றால் விழுந்தது, அவ்வளவுதான். அந்த வெறுமையில் பிள்ளை தன்னால் தாங்க முடிந்த அளவுக்குத்தான் படம் போட்டுக்கொள்ளும். அதனால்தான் விரிவான படங்களோடு வரும் பதிப்புகளையும் திரைப்படங்களையும்விடப் புத்தகத்தைக் கையில் வைத்துப் படிப்பது எனக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. பிள்ளை போதும் என்றால் பாதியிலேயே மூடிவிடவேண்டும். திரும்பத் திரும்ப அதே இடத்தைப் படிக்கச் சொன்னால் சலிக்காமல் படிக்கவேண்டும்; அங்கே அதற்கு ஏதோ வேலை இருக்கிறது. வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால், எந்தக் கதை என்று இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

இரும்புச் செருப்பை நான் என் அக்கா மகளுக்குப் படித்தபோது அவளுக்கு எட்டு வயது. அவள் பயப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஸ்னோ ஒயிட் அப்போ அங்கேதான் இருந்தாளா? பாத்துக்கிட்டா இருந்தா?" என்று கேட்டாள். திரும்பவும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். அவள் கல்யாணம்தான் அது, அந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள், ராணி உள்ளே நுழைந்ததும் அவளை அடையாளம் கண்டு திகைத்து நிற்பதும் இருக்கிறது. ஆனால் செருப்பைக் கொண்டுவந்த பிறகு ஸ்னோ ஒயிட் பார்த்தாளா, முகத்தைத் திருப்பிக்கொண்டாளா, நிறுத்துங்கள் என்று சொன்னாளா என்று ஒரு சொல்கூடக் கதையில் இல்லை. அன்று ராத்திரி நாங்கள் இருவரும் விளக்கை அணைக்காமல் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.